அப்பிள் தோலில் விழுந்த பிள்ளையார் சுழி

ஐம்பதைத் தொட்ட பிறகும் நாற்பத்தைந்து என்று சொல்லித் திரிகிற என் வயதுக்காரர்களே, இந்தக் கிழமை இஷொய் கடைத்தொகுதிப் பக்கம் போனீர்களா? வாசலிலேயே பூசணிக்காய்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். பிளாஸ்ரிக் எலும்புக்கூடு, பஞ்சில் செய்த சிலந்திவலை, சூனியக்காரித் தொப்பி. என் மகள் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு, "அம்மா, உங்களுக்கு இது விளங்காது, இது அமெரிக்கப் பண்டிகை" என்று டேனிஷில் எனக்குப் பாடம் எடுத்தாள். எனக்கு வந்ததே கோபம்! அமெரிக்காவாம், பூசணிக்காயாம். இந்தப் பண்டிகை எங்கே பிறந்தது, ஏன் முகத்தில் கரி பூசுகிறார்கள், குடைந்த காய்க்குள் ஏன் விளக்கு வைக்கிறார்கள் என்பதெல்லாம் பத்து வயதிலேயே எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் வீட்டுச் சரித்திரமே அந்த ஒரு மாலையில்தான் திரும்பியது. அவளுக்குச் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். ஆகையால் உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் இதே டேனிஷ் நகரத்தில், இஷொயில், ஒரு மாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தார். அதிகம் பேசமாட்டார். ஆனால் வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டால் முடிந்தது. என்னை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலோடு வந்து குளக்கரையில் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருந்த மனிதர். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர் அவரை இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சித்தி அந்த ஆண்டு வசந்தத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். இருபத்து மூன்று வயது. உயர்தரத்தில் உயிரியல் படித்து நல்ல பெறுபேறும் எடுத்து, கம்பஸுக்குப் போகிற நேரத்தில் சண்டை மூண்டு எல்லாம் குழம்பிப்போனது. என் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்து விரிக்கிற மெத்தையில் படுத்தார். படுத்துக்கொண்டே என் கையைப் பிடித்து, விரலிலிருந்து தோள்வரை ஒவ்வொரு எலும்பின் பெயராகச் சொல்லித்தருவார். எனக்கு ஒரு அக்கா வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சித்தியைப் பற்றிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

பக்கத்து வீட்டில் அயர்லாந்து அன்ரி இருந்தார். ஒரு டேனிஷ்காரரைக் கட்டி இந்த நாட்டுக்கு வந்தவர். செம்பட்டைத் தலை, சிரித்தால் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் தட்டிலிருக்கிற கோப்பைகள் அதிரும். மொழிப் பள்ளியில் அவரும் சித்தியும் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள். சித்தியின் பாடசாலை ஆங்கிலம் அன்ரியின் உச்சரிப்பில் முட்டி நின்றுவிட, இரண்டு பேரும் தங்களுக்கு வராத டேனிஷிலேயே மணிக்கணக்காகக் கதைத்தார்கள். எங்கேயாவது தடக்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். அந்தக் குடியிருப்பில் எனக்கு இருந்த மதிப்பு அப்படி.

ஒக்ரோபரில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிழமை லீவு விடுவார்கள் அல்லவா, உருளைக்கிழங்கு விடுமுறை என்று பழைய ஆட்கள் சொல்வது? அந்த லீவில்தான் அன்ரி ஒரு பை நிறைய ‘றோ’ கொண்டுவந்தார். மாட்டுக்குப் போடுகிற பெரிய வெள்ளைக் கிழங்கு. மண்ணும் வேருமாக ஒரு பேயின் தலை அளவில் இருந்தது. பூசணிக்காய் எல்லாம் கடல் தாண்டிப் போனவர்கள் பிறகு கண்டுபிடித்த சோம்பேறி வேலையாம். தன் ஊரில் இந்தக் கிழங்கைத்தான் குடைவார்களாம். நீங்கள் ஒரு தடவை குடைந்து பாருங்கள், தெரியும். கல்! அம்மாவின் நல்ல கரண்டி இரண்டு வளைந்துபோனது. அவற்றை முழங்காலில் வைத்து நிமிர்த்தி, ஒன்றும் தெரியாத மாதிரி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

குடைந்துகொண்டே அன்ரி கதை சொன்னார். அங்கே அது கோடையின் கடைசி நாள். மலையில் மேய்ந்த மாடுகளை வீட்டுக்கு இறக்குவார்கள். பழைய வருடம் முடிந்து புதியது இருட்டோடு தொடங்கும். எல்லா வீட்டு அடுப்பையும் அணைத்துவிட்டு, குன்றின் மேல் மூட்டிய ஒரே நெருப்பிலிருந்து கொள்ளி கொண்டுவந்து புதிதாக மூட்டுவார்கள். அந்த மாலையில் இந்த உலகத்துக்கும் மற்ற உலகத்துக்கும் நடுவிலுள்ள கதவு திறந்துவிடும். செத்துப்போன சொந்தக்காரர் வீடு தேடி வருவார்கள். அவர்களுக்கு அடுப்படியில் ஒரு கதிரை, ஒரு கோப்பைச் சாப்பாடு, பூட்டாத வாசல். சொந்தக்காரரோடு சேர்ந்து வேண்டாததுகளும் வருமே! அதற்குத்தான் முகத்தில் கரி. அதுகள் பார்த்துவிட்டு, இதுவும் நம்முடைய ஆள்தான் என்று பேசாமல் போய்விடுமாம். நான் அதைக் கேட்ட அன்றே அடுப்புக் கரி தேடினேன். மின்சார அடுப்பில் கரிக்கு எங்கே போவது?

பிறகு ஜாக்கின் கதை. ஜாக் ஒரு கருமி. சாத்தானையே மரத்தில் ஏற்றிவிட்டு இறங்கவிடாமல் பண்ணியவன். செத்த பிறகு சொர்க்கத்திலும் அவனை எடுக்கவில்லை, நரகத்திலும் எடுக்கவில்லை. போகிற வழிக்கு வெளிச்சமாக நரகத்து வாசலில் ஒரு தணலை எறிந்தார்களாம். அதைக் கிழங்குக்குள் வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறான்.

"ஒரு இடத்திலையும் விசா குடுக்கேல்லையோ?" என்றார் சித்தி. "பாவம், அவனும் அகதிதான்."

நான் அதை டேனிஷில் சொன்னதும் அன்ரி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கிழங்கு உருண்டு மேசைக்குக் கீழே போனது.

அந்த நாளின் பழைய பெயரை அன்ரி ‘சௌவின்’ என்று சொன்னார். நான் ஓடிப்போய் அம்மாவிடம் ஒப்புவித்தேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"சாவின் நாளோ? பேரிலையே சாவு கிடக்கு. அந்தக் கிழங்கை உள்ளுக்கை கொண்டுவந்தியெண்டால் தெரியும்!"

அதனால் என் கிழங்கு பல்கனியில் மழையில் கிடந்தது. செத்தவர்களுக்குக் கோப்பையில் சாப்பாடு வைக்கிற கதையைச் சொன்ன பிறகுதான் அம்மா கொஞ்சம் இளகினார். "அப்ப எங்கடை ஆக்களுக்குப் படைக்கிற மாதிரித்தானே" என்றவர், சிறிது யோசித்துவிட்டு, "அவையள் மரக்கறியோ, மச்சமோ படைக்கிறவை?" என்று கேட்டார்.

இனிமேல்தான் விசயம் இருக்கிறது. ஒரு நாள் அன்ரியின் சமையலறை மேசையில் சித்தி ஒரு விண்ணப்பப் பத்திரத்தை விரித்துவைத்திருந்தார். தாதிமார் கல்லூரிக்குப் போவதற்கான முன்வகுப்பு. அன்ரி சொல்லச் சொல்லச் சித்தி எழுதினார். இரண்டு பேரும் விட்ட எழுத்துப் பிழைகளை நான் திருத்தினேன். கடைசியில் சித்தி என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"அம்மாட்டை மூச்சும் விடக்கூடாது. அப்பாட்டையும்தான். விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் வயிற்றுக்குள் அந்த இரகசியம் குதித்துக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அதே நாட்களில் கனடாவிலிருந்து ஒரு படம் வந்திருந்தது: ஒரு சிவப்புக் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிற மாப்பிள்ளை. சாதகம் பொருந்திவிட்டது. அம்மாவும் அப்பாவும் மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிக் கதைத்தார்கள், குளிரைப் பற்றிக் கதைத்தார்கள், மண்டபத்தைப் பற்றிக்கூடக் கதைத்தார்கள். சித்தியிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கொடுமை செய்கிறோம் என்று அவர்கள் நினைக்கவேயில்லை. நல்ல இடம் வந்தால் பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினார்கள். கனடா சரிவந்தால் தை மாதத்துக்குள் சித்தி போய்விடுவார், படிப்பு அவ்வளவுதான். கனடா சரிவராவிட்டால் சித்தி படிக்கலாம், என் அறையிலேயே இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பேசாமல் இருப்பது?

மாப்பிள்ளையின் தமக்கை புரொண்பியில் இருந்தார். பெண்ணைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியனுப்பிய நாள், நீங்களே ஊகித்திருப்பீர்கள், அன்ரியின் சௌவின் நாள்.

அன்று பின்னேரம் வீடெல்லாம் ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணமும் சாம்பிராணியும். ஐந்து மணிக்கே வெளியே இருண்டுவிட்டது. தமக்கையார் பட்டுச் சேலைக்கு மேல் குளிர்க்கோட்டும் மழைச் சப்பாத்துமாக எஸ்-ரெயினில் வந்தார். "ராகுகாலம் முடியட்டும் எண்டு கீழை லிப்ட்டடியிலை பத்து நிமிசம் நிண்டிட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தார். சகுனத்தில் அவ்வளவு கவனம். சித்தியைப் பக்கத்தில் இருத்தி, சமைப்பீங்களோ, பாடுவீங்களோ, கனடாக் குளிரைத் தாங்குவீங்களோ என்று கேட்டார். சித்தி எல்லாவற்றுக்கும் தரைவிரிப்பைப் பார்த்து ஓம் சொன்னார்.

யாரோ கதவைத் தட்டினார்கள். நான்தான் ஓடிப்போய்த் திறந்தேன். கன்னமெல்லாம் கரி, தலையில் கறுப்புச் சால்வை, கையில் எரிகிற கிழங்கு, மற்றக் கையில் ஒரு பாணும் அப்பிள்களும்! அன்ரி! கிழங்கின் மூடி உள்ளே கருகி, அவிந்த முட்டைக்கோவா மணம் வீட்டுக்குள் புகுந்தது. தமக்கையார் "ஐயோ முருகா!" என்று இரண்டு காலையும் சோபாவுக்கு மேல் தூக்கினார். நான் சந்தோசத்தில் கத்திவிட்டேன். அப்பா மட்டும் எழுந்து நின்று, "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்று தமிழிலேயே வரவேற்றார். சாத்தான் வந்தாலும் அவர் முதலில் தேத்தண்ணிதான் கொடுப்பார்.

அன்ரி பாணை மேசையில் வைத்தார். அதற்குள் ஒரு மோதிரமும் ஒரு கந்தைத் துணியும் ஒரு குச்சியும் வைத்துச் சுட்டிருந்தார். வெட்டும்போது மோதிரம் கிடைப்பவருக்குக் கலியாணம், கந்தை கிடைப்பவருக்கு வறுமை, குச்சி கிடைப்பவருக்குப் பொல்லாத துணை. நான் மொழிபெயர்த்தேன்.

"வேண்டாம், வேண்டாம்" என்றார் அம்மா. "வந்தவவின்ரை பல்லு உடைஞ்சால் ஆர் பொறுப்பு?"

அப்படியென்றால் அப்பிள் என்றார் அன்ரி. இதுவும் அவருடைய ஊர் வழக்கம்; கிழங்கு குடைந்த நாளிலேயே எனக்கும் சித்திக்கும் சொல்லியிருந்தார். கலியாணம் ஆகாத பெண் அப்பிள் தோலை அறாமல் ஒரே நாடாவாகச் சீவி, தலையைச் சுற்றி மூன்று தரம் சுழற்றி, இடத் தோளுக்கு மேலால் பின்னுக்கு எறியவேண்டும். தரையில் தோல் எந்த எழுத்தாக விழுகிறதோ, அதுதான் அவள் கட்டப்போகிறவனின் முதல் எழுத்து.

இதை நான் மொழிபெயர்த்திருக்கவே கூடாது. தமக்கையாரின் கண் பளிச்சென்று ஆனது.

"எறியட்டும், பாப்பம். தம்பியின்ரை பேரும் எஸ்ஸிலைதான் தொடங்குது. எஸ் விழுந்துதெண்டால் இண்டைக்கே நாளைக் குறிச்சிடுவம்."

அந்தக் கிழமை முழுக்க நான் கள்ளமாக அப்பிள் தோல் எறிந்து பார்த்திருந்தேன். நூறு தரம் எறிந்தாலும் அது எஸ் மாதிரித்தான் விழும்! தோலின் வளைவு அப்படி. இது சித்திக்கும் தெரியும். சித்தி கத்தியை எடுத்தார். தோலை இடையில் அறுத்துவிடப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் வீட்டு மொட்டைக் கத்தி அதற்கும் உதவவில்லை. நீளமான ஒரே தோல். ஒன்று, இரண்டு, மூன்று என்று அன்ரி எண்ணினார். சித்தி கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். தலைகள் மோதின.

"பிள்ளையார் சுழி!" என்றார் அம்மா. கை தானாகவே கூப்பிக்கொண்டது. உண்மைதான். மேலே ஒரு சுழிப்பு, கீழே நீண்ட ஒரு கோடு. கொப்பியின் முதல் பக்கத்தில் போடுகிற அதே ‘உ’.

"பிள்ளையார் கலியாணமே கட்டேல்லையே, அம்மா?" என்றேன் நான்.

"வாயைப் பொத்து."

"சுழி எண்டால் தொடங்கச் சொல்லுது எண்டுதானே அர்த்தம்" என்றார் தமக்கையார். "எஸ்ஸைவிட நல்ல சகுனம்."

சித்தி இன்னும் திரும்பிப் பார்க்கவேயில்லை. அப்போதுதான் அன்ரி, சுழியும் தெரியாமல் பிள்ளையாரும் தெரியாமல், தரையைத் தட்டிச் சிரித்தார். அது எழுத்தே இல்லை, இலக்கம்! இரண்டு! டேனிஷில் இரண்டுக்குத் ‘தோ’, இலக்கத்துக்கு ‘நம்மர்’ அல்லவா? "தோ! நம்மர் தோ!" என்று இரண்டு விரலை விரித்துத் தமக்கையாரின் மூக்குக்கு நேரே ஆட்டினார். "மாப்பிள்ளை நம்மர் தோ!" அந்த ஒரு தமிழ்ச் சொல்லைச் சித்தியிடம் பழகி வைத்திருந்தார். முதலில் வந்தவன் இல்லை, இரண்டாவதாக வருகிறவன்தான் சரியானவன் என்பதுதான் அவர் சொல்ல வந்ததாம். அதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தமக்கையாரின் முகம் வெளிறிப்போனது.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"என்னத்தை?" என்றார் அப்பா.

"அது முடிஞ்ச விசயம். சட்டப்படி விட்டாச்சு, கடுதாசியெல்லாம் கிடக்கு. அந்தப் பெட்டை விட்டிட்டுப் போனதுக்குத் தம்பி என்ன செய்யிறது? ரெண்டாம் தாரம் எண்டதைப் பேந்து ஆறுதலாச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனாங்கள்."

கிழங்குக்குள் மெழுகுதிரி சீறியது. எனக்கோ எழும்பி ஆடவேண்டும் போல இருந்தது. ஒரு அப்பிள் தோல் கனடாவையே கவிழ்த்துவிட்டதே! அந்த நிமிடத்தில் தமக்கையார் எனக்குப் பொய்க்காரி. இப்போது அவருடைய வயதைத் தாண்டிய பிறகு நினைத்தால் பாவமாக இருக்கிறது. உடைந்துபோன தம்பியை எப்படியாவது நிமிர்த்த வந்த மனுசி. சொன்னால் எங்கள் ஆட்கள் கதவைச் சாத்துவார்கள் என்ற பயம் அவருக்கு. அது பிழையான பயமும் இல்லை, ஏனென்றால் அம்மா உடனே எழும்பிவிட்டார்.

"ரெண்டாம் தாரமோ? என்ரை தங்கச்சியையோ?"

"அக்கா, அவவைப் பேசாதையுங்கோ." சித்திதான். அந்த மாலையில் அவர் சொன்ன முதல் முழு வசனம். "ரெண்டாம் தாரம் எண்டதாலை இல்லை. முதலாம் தாரமெண்டாலும் எனக்கு வேண்டாம். என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கேல்லை."

சொல்லிவிட்டு அழுதார். அம்மா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். அன்ரிக்குத் தமிழ் விளங்கவில்லை, கண்ணீர் விளங்கியது. கரி முகத்தோடு சித்தியின் முன்னால் முழங்காலில் இருந்து, உனக்கு என்னதான் வேண்டும் என்று டேனிஷில் கேட்டார். அத்தானான என் அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லவராத ஒன்றைச் சித்தி டேனிஷில் தெளிவாகச் சொன்னார்.

"யை வில் லேஸ."

"என்ன சொல்லுறா?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

நான் ‘லேஸ’ செய்யவேண்டும் என்கிறார். ‘லேஸ’ என்ற சொல் உங்களுக்குத் தெரியும். பேப்பர் வாசிப்பதும் லேஸதான், பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்காகப் படிப்பதும் லேஸதான். நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"வாசிக்கவேணுமாம், அப்பா."

அது பத்து வயதுக்காரியின் அரைகுறைத் தமிழா, களவா? விண்ணப்பப் பத்திரத்தையே திருத்தியவள் நான். இன்றைக்குவரை எனக்கே நிச்சயமில்லை.

"வாசிக்கவோ?" அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுக்கேன் இந்தப் பிள்ளை அழுகுது? வாசிக்கட்டும். எவ்வளவு வேணுமெண்டாலும் வாசிக்கட்டும். நான் ஒருநாளும் வேண்டாமெண்டு சொல்லமாட்டன்."

அன்ரி என்னைப் பார்த்தார். அப்பா சொன்னதை நான் ஒரு சொல்லும் விடாமல் டேனிஷுக்கு மாற்றினேன். அங்கேயும் அதே லேஸதான். அன்ரி பாய்ந்துபோய் அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அப்பாவின் வெள்ளைச் சேட்டில் கரி. சித்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு இன்னும் பலமாக அழுதார். அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது.

"சரி, சரி. திங்கட்கிழமை லைபிரறிக் காட் எடுத்துத் தாறன்."

தமக்கையார் புறப்பட்டபோது அம்மா ரோல்ஸைச் சுற்றிக் கொடுத்தார். ஸ்டேசன் வரைக்கும் சித்திதான் கிழங்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடப் போனார். இரண்டு பேரும் வழியில் என்ன கதைத்தார்கள் என்று சித்தி ஒருநாளும் சொன்னதில்லை.

லைபிரறிக் காட் உண்மையிலேயே வந்தது. ஒவ்வொரு கிழமையும் அப்பா வேலையால் வரும்போது, "வாசிக்கிறாவோ?" என்று என்னிடம் கேட்பார். "ஓம் அப்பா" என்பேன். அவருக்குத் திருப்தி.

தையில் கடிதம் வந்தது. அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் உடைத்து வாசித்து விளங்கப்படுத்துவது என் வேலை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். இந்தத் தடவை வளைக்க இடமே இல்லை.

"சித்தியைத் தாதிப் படிப்புக்கு எடுத்திருக்கினம், அப்பா. முன்வகுப்பு மாசியிலை தொடங்குதாம்."

"ஆரைக் கேட்டு?" என்று அம்மாவின் குரல் குசினியிலிருந்து வந்தது.

சித்தி கதவடியில் நின்றார். மொழிப் பள்ளியிலிருந்து வந்தவர், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அப்பா கடிதத்தை வாங்கி, தனக்கு விளங்காத அந்த எழுத்துகளை மேலிருந்து கீழே பார்த்தார்.

"லேஸ எண்டால் என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

"வாசிக்கிறது, அப்பா."

"வேறை?"

"படிக்கிறதும்."

என்னை நன்றாகப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா குசினிப் பக்கம் திரும்பி, "என்னைக் கேட்டுத்தான்" என்றார். பிறகு எழுந்துபோய்ச் சித்தியிடம், என் மூலமாக இல்லாமல், அம்மா மூலமாக இல்லாமல், முதல் தடவையாக அவரிடமே கேட்டார்.

"எத்தினை வருசம்?"

"அஞ்சு வருசம் ஆகும், அத்தான்."

அப்பா கடிதத்தை மடித்து அவருடைய கையில் கொடுத்தார்.

"அஞ்சு வருசமும் வடிவா வாசியும்."